கூட்டாளிகளோடு கோல்ஃப்: பக்கத்து மைதானத்தை எப்படித் தெரிவு செய்வது?

கோடை வந்துவிட்டால் ரொறன்ரோ அலுவலகங்களில் யாராவது ஒருவர் "சனிக்கிழமை கோல்ஃபுக்கு வாறியா?" என்று கேட்பார். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு தமிழ் அமைப்பு நிதி திரட்டப் போட்டி வைத்து, நால்வர் குழுவில் ஒரு இடம் காலி என்று உங்களைப் பிடித்து இழுக்கும். இரண்டிலும் மைதானத்தை வேறு யாரோ தெரிவு செய்திருப்பார்கள். நீங்கள் போய் நின்றால் போதும். பிடித்துப்போய், அடுத்த தடவை நீங்களே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கும்போதுதான் எந்த மைதானத்துக்குப் போவது என்ற கேள்வி வரும்.

இணையத்தில் நல்ல மைதானம் எது என்று தேடினால், பச்சைக் கம்பளமும் ஏரியுமாகப் படங்கள் வந்து விழும். தொலைக்காட்சியில் பார்த்த பெயர்களும் வரும். ஓக்வில்லில் உள்ள க்ளென் அபி, பழைய நட்சத்திர ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ் வடிவமைத்து 1976-இல் திறந்த மைதானம். 2000-ஆம் ஆண்டு கனடியன் ஓப்பன் போட்டியின் கடைசிக் குழியில் டைகர் வுட்ஸ் மணற்குழிக்குள் நின்று, 6-அயன் என்ற இரும்பு மட்டையால் தண்ணீருக்கு மேலாக 218 யார்டு அடித்தது அங்கேதான். அதைப் பார்த்தவருக்கு அங்கே போய் ஆட ஆசை வரத்தான் செய்யும். ஆனால் போன மாதம் மட்டை பிடிக்கத் தொடங்கியவர்கள் நான்கு பேர் சேர்ந்து அங்கே போனால், பல மடங்கு காசு கொடுத்து, நாள் முழுக்கப் பற்றைக்குள் பந்து தேடிவிட்டு வரலாம். சிநேகித ஆட்டத்துக்கு மைதானத்தின் அழகும் புகழும் கடைசியில் பார்க்க வேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியது நீளம். அப்புறம், அங்கே ஒரு ஆட்டம் முடிய எத்தனை மணி நேரம் ஆகும் என்பது.

அதற்கு முன், உள்ளே போக விடுவார்களா என்ற தயக்கத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஊரில் கோல்ஃபை நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். நுவரெலியாவில் 1889-இலிருந்து இருக்கும் மைதானத்தையும், கொழும்பு பொறளையில் களனிவெளிப் புகையிரதப் பாதை ஊடறுத்துப் போகும் மைதானத்தையும் கடந்து போயிருப்போம். உள்ளே போகலாம் என்று நினைத்ததில்லை. அந்தக் கூச்சம் கனடாவுக்கும் கூடவே வந்துவிட்டது. இங்கேயும் அங்கத்தவர்களுக்கு மட்டுமான கழகங்கள் உண்டு. ஸ்காபரோ கோல்ஃப் அன்ட் கன்ட்ரி கிளப் அப்படியானது. கனடியன் ஓப்பன் நான்கு தடவை அங்கே நடந்திருக்கிறது. அங்கத்தவர் யாராவது கூட்டிக்கொண்டு போனால் ஒழிய, அதை மறந்துவிடலாம். ஆனால் காசு கட்டி யாரும் ஆடக்கூடிய பொது மைதானங்கள் ஏராளம். ரொறன்ரோ மாநகராட்சியே ஐந்து வைத்திருக்கிறது: டென்டோனியா பார்க், டான் வாலி, ஹம்பர் வாலி, ஸ்கார்லெட் வூட்ஸ், டாம் ஓஷான்டர். நூலகமும் நீச்சல் தடாகமும் மாதிரி இவையும் நகரத்தின் சொத்து. உள்ளே போய் யாரிடமும் பரம்பரைக் கதை சொல்லத் தேவையில்லை.

பார் எண் சொல்லும் கதை

ஒரு மைதானத்தைப் பற்றி முதலில் கண்ணில் படுவது அதன் 'பார்' எண். முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து கொடி நிற்கும் துளைவரை உள்ள முழுப் பாதையையும் சேர்த்துத்தான் ஒரு 'குழி' என்பார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒரு குழியை எத்தனை அடியில் முடிப்பார் என்ற எதிர்பார்ப்புத்தான் பார். குட்டையான குழிக்கு 3, நடுத்தரத்துக்கு 4, நீளமானதற்கு 5. இதில் இரண்டு அடி, பந்தைக் குழிக்குள் மெதுவாக உருட்டி விடுவதற்கு என்று ஒதுக்கிய கணக்கு. அதாவது பார் 3 என்றால் ஒரே அடியில் கொடி நிற்கும் கிரீனுக்குப் போய்ச் சேர வேண்டும். பார் 5 என்றால் மூன்று அடியில்.

பதினெட்டுக் குழிக்குமான கூட்டுத்தொகையைப் பார்த்தே மைதானத்தின் குணத்தை ஓரளவு சொல்லிவிடலாம். 72 என்றால் முழு நீள மைதானம்: வழக்கமாக நான்கு பார் 3, பத்து பார் 4, நான்கு பார் 5. டாம் ஓஷான்டர் அப்படித்தான். பதினெட்டுக்கும் 54 என்றால் எல்லாமே பார் 3. ஸ்கார்லெட் வூட்ஸின் எண் 62. பதினெட்டில் குறைந்தது பத்தாவது பார் 3 ஆக இல்லாமல் அந்தத் தொகை வராது, கூட்டிப் பாருங்கள். இப்படி நடுவில் நிற்கும் மைதானங்களை 'எக்ஸிகியூட்டிவ்' என்பார்கள். வேலை நாளில் நேரம் இல்லாத அதிகாரிகளுக்கானது என்ற பாவனையில் வைத்த பெயர். உண்மையில் அது புதிதாக ஆடுபவர்களுக்கும், முழங்கால் நோகிறவர்களுக்கும், பின்னேரம் ஏழு மணிக்குப் பிள்ளையை வகுப்பிலிருந்து ஏற்ற வேண்டியவர்களுக்கும் ஏற்ற மைதானம்.

பார் 3 மைதானம் என்றால் சிறுவர் விளையாட்டு என்று ஒரு இளக்காரம் சிலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நீளமான ஒரு பார் 5 குழியில் நான்கு புதியவர்கள் ஆடுவதைப் பாருங்கள். முதல் அடியிலேயே ஒருவரின் பந்து இடது பக்க மரத்துக்குள், மற்றவருடையது வலது பக்க வேலியோரம், மூன்றாமவருடையது காலடியிலிருந்து இருபது யார்டில். நாலாமவர் மட்டும் நடுவில் அடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். பத்து நிமிடம் கழித்துக் கிரீனில்தான் நால்வரும் மறுபடி சந்திப்பார்கள். பார் 3 குழியில் 110 யார்டு தூரத்துக்கு நால்வரும் ஒரே இடத்தில் நின்று அடிக்கிறார்கள், சேர்ந்தே நடக்கிறார்கள், ஒருவர் அடித்த கேவலமான அடியை நால்வரும் பார்த்துச் சிரிக்கிறார்கள். கதைக்கத்தானே போகிறோம்? குட்டை மைதானத்தில்தான் கதைக்க முடியும்.

எவ்வளவு தூரம் என்பதை எப்படிக் கணிப்பது

கனடாவில் எல்லாவற்றையும் மீட்டரில் அளந்தாலும் கோல்ஃபை மட்டும் யார்டில்தான் அளக்கிறார்கள். ஒரு யார்டு மூன்று அடி. மீட்டரை விடக் கொஞ்சம் குறைவு. ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு மூன்று நீளங்கள் போட்டிருக்கும், நிறம் நிறமாக. அவை டீக்கள், அதாவது முதல் அடி அடிக்கும் இடங்கள். பின்னால் இருக்கும் டீயிலிருந்து அடித்தால் குழி நீளம், முன்னாலிருந்து அடித்தால் குறைவு.

ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். பார் 4, பின் டீயிலிருந்து 390 யார்டு. நீங்கள் நன்றாக அடித்தால் முதல் அடி 170 போகும், அடுத்தது 120 போகும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 100 யார்டு. அதையும் பிழையில்லாமல் அடித்தால் மூன்றாவது அடியில் கிரீன், இரண்டு உருட்டல், மொத்தம் ஐந்து. அதுவும் ஒன்றுகூடப் பிழைக்காமல் அடித்தால். நடைமுறையில் ஒரு பந்து தரையோடு உரசிக்கொண்டு முப்பது யார்டில் நிற்கும், இன்னொன்று மணலில் விழும். எட்டு, ஒன்பது என்று எழுதுவீர்கள். இதே குழியின் முன் டீ 290 யார்டில் இருந்தால், அதே இரண்டு அடியில் கிரீன் வந்துவிடும். உங்கள் திறமையில் மாற்றம் இல்லை. நிற்கும் இடம்தான் மாறியது.

முன் டீ பெண்களுக்கானது என்ற பழைய பேச்சை இன்னும் கேட்கலாம். ஆண்கள் பலர் அதனாலேயே பின்னால் போய் நின்று அவதிப்படுகிறார்கள். அமெரிக்க கோல்ஃப் அமைப்புகள் 2011-இல் 'முன்னால் வந்து ஆடுங்கள்' என்று ஒரு பிரசாரமே நடத்தின. அப்போது அவர்கள் கொடுத்த கணக்கு இன்றைக்கும் கைகொடுக்கும்: முதல் அடி சராசரியாக 200 யார்டு போகிறவருக்குப் பதினெட்டுக் குழியும் சேர்த்து 5,200 முதல் 5,400 யார்டு போதும்; 175 போகிறவருக்கு 4,400 முதல் 4,600; 150 என்றால் 3,500 முதல் 3,700. சராசரி என்றால் ஒரு நாள் காற்றோடு போன அந்த ஒரு அடி அல்ல. பயிற்சித் திடலில் பத்துப் பந்து அடித்து, நடுவாக விழுந்ததை எடுங்கள். டாம் ஓஷான்டர் பின் டீயிலிருந்து 6,000 யார்டுக்கும் மேல். 150 யார்டு அடிக்கும் ஒருவர் அங்கே பின்னால் நின்று என்ன செய்வார்?

அட்டையில் 'ஸ்லோப்' என்று ஒரு எண்ணும் இருக்கும். 55-இலிருந்து 155 வரை போகும், 113 நடுத்தரம். கூடினால் கைதேர்ந்தவரை விடச் சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் அதிகமாகக் கஷ்டம் கொடுக்கும் என்று பொருள். தண்ணீரும் பள்ளமும் ஒடுங்கிய பாதையும் இருந்தால் இது ஏறும். புதியவர்கள் கூடிப் போகும்போது 113-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ உள்ள டீயைப் பார்த்தால் சரி. இதற்கு மேல் இந்த எண்ணோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

நேரம்

நான்கு பேர் முழு நீள மைதானத்தில் பதினெட்டுக் குழி ஆட நாலரை மணி நேரம் ஆகும். கோடை சனிக்கிழமை காலை என்றால் ஐந்தைத் தாண்டும். போக வர ஓட்டம், ஆட்டத்துக்குப் பின் சாப்பாடு எல்லாம் சேர்த்தால் வீட்டில் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. ஒன்பது குழி ஆடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். தொடக்கத்தில் ஒன்பதாவது குழியோடு உற்சாகமும் முடிந்துவிடுகிறது என்பதுதான் நான் பார்த்தது.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு குழுவை விடுகிறார்கள் என்று பதிவு செய்யும் பக்கத்திலேயே தெரியும். 7.00, 7.08, 7.16 என்று போனால் எட்டு நிமிட இடைவெளி. பத்து நிமிட இடைவெளி விடும் இடத்தில் நெரிசல் குறைவு, பின்னால் வருகிறவர்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பதும் குறைவு. ஆரம்பத்திலேயே பார் 3 குழி வரும் மைதானத்தில், முன்னால் போன குழு கிரீனை விட்டு இறங்கும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியிருப்பதால், அங்கே ஒரு சின்ன வரிசை உண்டாகிவிடும்.

எங்கள் ஆட்கள் கூடினால் இன்னொரு தாமதமும் உண்டு. "அண்ணை, நீங்கள் முதலில் அடியுங்கோ." "இல்லையில்லை, நீர் அடியும்." முந்தைய குழியில் வென்றவர் முதலில் அடிப்பதுதான் மரபு, ஆனால் சிநேகித ஆட்டத்தில் தயாராக நிற்பவர் அடித்துவிடலாம், விதிகளே அதை ஊக்குவிக்கின்றன. தொலைந்த பந்தைத் தேட 2019-இலிருந்து மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து. பாரைப் போல இரண்டு மடங்கு அடித்தும் முடியவில்லையென்றால் பந்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். மைதானத்தைச் சுற்றிவரும் மார்ஷலுக்குக் கோபம் வருவது மோசமான ஆட்டத்தால் அல்ல, மெதுவான ஆட்டத்தால்.

மைதானத்துக்குள் ஓட்டும் வண்டி எடுப்பதா, நடப்பதா? பதினெட்டுக் குழி நடந்தால் எட்டுப் பத்துக் கிலோமீட்டர். வண்டியில் இருவர்தான் போகலாம். நால்வர் இரண்டு சோடியாகப் பிரிந்துவிடுவார்கள், நாள் முழுக்க ஒரே ஆளோடுதான் கதை. முடிந்தவர்கள் நடந்து, கைவண்டியில் பையை இழுத்துக்கொண்டு போவதே எனக்குப் பிடிக்கும். பெரிய மழைக்கு அடுத்த நாள் வண்டியைத் தார்ப் பாதையை விட்டு இறக்க விடமாட்டார்கள். பந்து புல்வெளியின் மறு ஓரத்தில் கிடக்க, வண்டிக்கும் பந்துக்குமாக மூன்று மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நடப்பதை விடக் களைப்பு. ரொறன்ரோவின் மாநகர மைதானங்கள் ஆறும் ஓடையும் ஓடும் தாழ்நிலங்களில் இருப்பவை. 1954-இல் ஹேசல் சூறாவளி வந்து போனபின் அந்த நிலங்களில் வீடு கட்ட விடுவதில்லை. ஈரம் காய நேரமெடுக்கும். மழை பெய்தால் புறப்படுமுன் ஒரு அழைப்பு எடுத்துக் கேட்டுவிடுங்கள்.

பதிவு செய்யும்போது

ஒரு நேரத்துக்கு நான்கு பேர்தான். ஐந்தாவது ஆளைச் சும்மா சேர்த்துக்கொண்டு போனால் விடமாட்டார்கள். அடுத்தடுத்த இரண்டு நேரம் எடுத்து மூன்றும் இரண்டுமாகப் பிரியலாம். நீங்கள் இருவராகப் போனால் முன்பின் தெரியாத இருவரை உங்களோடு சேர்த்துவிடக்கூடும். அதற்குப் பயப்படத் தேவையில்லை. தனியாக வரும் ஓய்வுபெற்ற பெரியவர்கள், கேட்காமலேயே சொல்லித்தரும் பழக்கத்தைத் தவிர, நல்ல துணை. ஒரு பையை இருவர் பங்கிட்டு ஆட பல இடங்களில் விடுவதில்லை. மட்டை இல்லாதவருக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று முதலே கேளுங்கள். சொந்தமாக மதுபானம் கொண்டுபோவது ஒன்ராறியோவில் சட்டப்படி கூடாது. அங்கே விற்பதைத்தான் வாங்க வேண்டும்.

காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் பின்னேரக் கட்டணம் இருக்கிறது. யூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகிவிடும். ஐந்து மணிக்குத் தொடங்கினாலும் ஒன்பது குழி தாராளமாக ஆடலாம், வெயிலும் சுடாது. ஒக்டோபரில் இந்தக் கணக்குச் செல்லாது. ஆறரைக்கே இருட்டிவிடும், காலையில் உறைபனி விழுந்தால் புல் கருகாமலிருக்க அது உருகும்வரை யாரையும் இறங்க விடமாட்டார்கள், உதிர்ந்த இலைக்குள் வெள்ளைப் பந்தைக் கண்டுபிடிப்பது தனி விளையாட்டு. இளவேனிலிலும் கோடை முடிவிலும் கிரீன்களில் சின்னச் சின்னத் துளையிட்டு மண்ணுக்குக் காற்று விடுவார்கள். அந்த வாரங்களில் பந்து நேராக உருளாது. விலையும் சில இடங்களில் குறையும். புதியவர்களுக்கு இரண்டுமே நல்லது, எப்படியும் நேராக உருட்டப் போவதில்லை.

ஸ்காபரோவில் இருந்து பார்த்தால்

முதல் தடவை போகிறவர்களை நான் டென்டோனியா பார்க்குக்குத்தான் அனுப்புவேன். விக்டோரியா பார்க் சுரங்க ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. கார் இல்லாத பிள்ளைகளும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலில் வரலாம். முழுக்க பார் 3. ஆனால் தரை மேடும் பள்ளமுமாக இருப்பதால் அவ்வளவு லேசும் இல்லை. பெரிய மட்டைகளை வீட்டில் விட்டுவிட்டு, நான்கைந்து அயன்களும், பந்தை உருட்டி விடும் 'பட்டர்' மட்டை ஒன்றும் கொண்டுபோனால் போதும்.

கொஞ்சம் கை படிந்தபின் டாம் ஓஷான்டர். பேர்ச்மவுண்ட் சாலையில், ஷெப்பர்டுக்கு வடக்கே. அங்கே ஹைலண்ட் ஓடையின் மேற்குக் கிளை ஓடுகிறது. பந்துகளை விழுங்க அது எப்போதும் தயார். ஸ்காபரோத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு வசதி: ஆட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் கொத்துரொட்டிக் கடைக்குப் போய்விடலாம். சிநேகித ஆட்டத்துக்கு மைதானம் தேடும்போது இதை நான் உண்மையாகவே கணக்கில் எடுப்பேன். முக்கால் மணி நேரம் ஓட்டிப் போகும் இடத்தில் ஆட்டம் முடிந்ததும் ஆளாளுக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வீட்டுப் பக்கத்து மைதானம் என்றால் ஒரு மேசையில் இருந்து பதினான்காவது குழியில் யார் பொய்க் கணக்குச் சொன்னது என்று சண்டை போடலாம்.

குழுவில் ஒருவர் நன்றாக ஆடி மற்றவர்கள் புதியவர்களாக இருந்தால் என்ன செய்வது? அவரைப் பின் டீயிலும் மற்றவர்களை முன் டீயிலும் நிறுத்துங்கள். ஒரே டீயில் எல்லோரும் அடிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இல்லாவிட்டால் நிதி திரட்டும் போட்டிகளில் ஆடுகிற ஸ்கிராம்பிள் முறைக்கு மாறுங்கள். நால்வரும் அடித்து, நன்றாக விழுந்த ஒரு பந்தைத் தெரிந்து, அந்த இடத்திலிருந்து நால்வரும் மறுபடி அடிப்பது. அப்படி ஆடினால் முழு நீள மைதானமும் தாங்கும். தனித்தனியாகப் போட்டி வேண்டுமென்றால், அடிகளைக் கூட்டாமல் குழிக்குக் குழி புள்ளி போடும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறை நல்லது. கெட்ட குழிக்குப் பூச்சியம் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம், ஒரு குழியில் பன்னிரண்டு அடித்தவர் கடைசிவரை அதைச் சுமக்கத் தேவையில்லை.

யங் சாலைக்கு அருகில், 401 நெடுஞ்சாலையின் பாலத்துக்கு அடியில் நின்று ஆட வைக்கும் டான் வாலியை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பார் 71, ஆறும் ஏற்ற இறக்கமும் உண்டு. அதற்குள் ஒரே மைதானத்துக்கு நாலைந்து தடவை போய்ப் பழகியிருந்தால், எந்தக் குழியில் எந்த மரத்துக்குப் பின்னால் பந்து ஒளியும் என்று தெரிந்திருக்கும். போன தடவை எட்டு அடித்த குழியில் இந்தத் தடவை ஆறு வந்தால், நால்வருக்கும் அது தெரியும்.